'கெட்' பிடிபடும் விதம்

ஆங்கிலம் கற்ற நாள்களில் என்னை அதிகம் படுத்திய வினைச்சொல் 'கெட்' (get). இறந்தகாலத்தில் அது 'காட்'. 'ஐ காட் எ லெட்டர்' என்றால் கடிதம் கிடைத்தது. 'ஐ காட் ஆங்கிரி' என்றால் கோபம் வந்தது. 'ஐ காட் ஹோம்' என்றால் வீடு வந்து சேர்ந்தேன். அகராதியில் இந்தச் சொல்லுக்குப் பொருள்கள் பத்தி பத்தியாக நீளும். மனப்பாடம் செய்து மாளாது.

சரி, இத்தனையையும் கோக்கும் நூல் எது? 'ஹேவ்', 'இஸ்' இரண்டும் இருக்கும் நிலையைச் சொல்பவை. அந்த நிலைக்குள் நுழையும் கணத்தைச் சொல்வது 'கெட்'. 'ஷி இஸ் டயர்ட்' என்றால் களைத்திருக்கிறாள். 'ஷி காட் டயர்ட்' என்றால் களைத்துப்போனாள். பொருள் கைக்கு வந்தாலும், ஆள் ஊருக்கு வந்தாலும், மனம் கோபத்துக்குள் போனாலும் நடப்பது அதே நுழைவுதான்.

நமக்கு இது குழப்புவதற்கு ஒரு காரணம் உண்டு. தமிழில் கடிதம் 'எனக்கு' வருகிறது, காய்ச்சல் 'எனக்கு' வருகிறது. வந்து சேரும் பொருள்தான் எழுவாய். நாம் நான்காம் வேற்றுமையில் நிற்கிறோம். 'கெட்' போடும் ஆங்கிலமோ ஆளை எழுவாய் ஆக்கிவிடுகிறது. அதனால் தமிழில் யோசித்துவிட்டு மொழிபெயர்க்கும்போது 'கெட்' நாவில் வருவதே இல்லை.

இவ்வளவு ஆங்கிலத்தனமான இந்தச் சொல் இரவல் சொல் என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு. இங்கிலாந்தில் குடியேறிய வைக்கிங்குகள் என்ற ஸ்காண்டிநேவியக் கடலோடிகள் பேசிய பழைய நார்ஸ் மொழியின் 'கெட்டா' அது. பழைய ஆங்கிலத்திலும் இதற்கு உறவான ஒரு வேர் இருந்தது. ஆனால் அதைத் தனியாகப் பார்ப்பது அரிது, முன்னொட்டுடன்தான் வரும். அதன் முதல் ஒலியும் 'ய'கரத்தை ஒட்டியிருந்தது. இன்றைய 'ஃபர்கெட்' அந்த வழி வந்ததுதான்; அதில் இப்போது கேட்கும் வல்லின ஒலி நார்ஸ் செல்வாக்கால் வந்தது.

இன்னும் பின்னால் போனால், ஐரோப்பிய மொழிகள் பலவற்றுக்கும் வட இந்திய மொழிகள் பலவற்றுக்கும் மூலமான இந்தோ-ஐரோப்பிய மொழியில், பற்றுதல் என்ற பொருளுள்ள வேர் ஒன்று. லத்தீனில் அதே வேர் 'ப்ரெஹெண்டெரே' ஆகி, 'காம்ப்ரிஹெண்ட்' என்ற கனமான சொல்லாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஆக, புரிந்துவிட்டது என்பதற்குத் தெருவில் சொல்லும் 'ஐ கெட் இட்'டும், பேராசிரியர் சொல்லும் 'ஐ காம்ப்ரிஹெண்ட்'டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

அப்புறம், 'ஹி காட் அரெஸ்டட்' போன்ற செயப்பாட்டு வாக்கியங்கள். இந்த அமைப்பு பெரும்பாலும் ஆளுக்கு நேரும் கெடுதலைச் சொல்லத்தான் வரும். பதவி உயர்வு போன்ற நல்ல சேதிக்கும் வருவதுண்டு. நம் 'படு'வும் இப்படித்தான்: அடிபட்டான், அகப்பட்டான், பிடிபட்டான். அதிலும் 'பிடிபடு' என்ற சொல்லைப் பாருங்கள். திருடனும் பிடிபடுவான், நெடுநாள் குழப்பிய கணக்கும் ஒருநாள் பிடிபடும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'கெட்' போட்டுச் சொல்லலாம்.