ஓட்டை சின்னதுதான், காய்ச்சல் சின்னதில்லை

உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன், ஒன்பது வயது, பிறவியிலேயே இதயத்தில் சின்ன ஓட்டை. மூன்று வாரமாகக் காய்ச்சல் வருவதும் போவதுமாக இருந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் மெடிக்கலில் சொல்லி நாலு மாத்திரை, நடுவில் ஒரு ஊசி. என்னிடம் வந்தபோது உடம்பு பாதியாக இளைத்திருந்தான். நகத்துக்கு அடியில் சிலாம்பு ஏறினாற்போல் மெல்லிய கோடுகள், விரல் நுனியில் தொட்டாலே வலிக்கிற சிவப்புப் புடைப்பு. எண்டோகார்டைட்டிஸ், அதாவது இதயத்தின் உள்சவ்வில் கிருமித் தொற்று. இப்படி இன்னும் எத்தனை பிள்ளைகளைப் பார்ப்பதோ!

“சின்ன ஓட்டைதான், ஒன்னும் பண்ண வேணாம்னாங்களே சார்” என்றார் அப்பா. ஆபரேஷன் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார்கள், காய்ச்சலைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று அல்ல. இதயத்தின் கீழ் அறைகளுக்கு நடுவில் ஓட்டை இருந்தால், சின்ன ஓட்டையில்தான் ரத்தம் வேகமாகப் பீய்ச்சி அடித்து எதிர்ப்பக்கச் சவ்வைப் புண்ணாக்கும்.

எனக்கு எரிச்சல் வருவது அடுத்த பேச்சில்தான்: “மாத்திரை போட்டதும் விட்டுருச்சே!” விடும், அப்புறம் நாலு நாளில் திரும்பவும் வரும். அரைகுறை ஆன்டிபயாடிக் ரத்தத்தில் திரியும் கிருமியைத்தான் அடக்கும், சவ்வில் கட்டியாக ஒட்டியிருப்பதை அசைக்காது; போதாக்குறைக்கு, பிறகு நாங்கள் பிளட் கல்ச்சர், அதாவது ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை, எடுத்தால் பல நேரம் எதுவும் வளராது, எந்தக் கிருமி என்றே தெரியாமல் 4 முதல் 6 வாரம் நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டியிருக்கும்.

எல்லாக் காய்ச்சலும் இதுவல்ல, பெரும்பாலும் சாதாரண வைரஸ்தான். ஆனால் காரணம் தெரியாமல் நீடித்தாலோ, மருந்து நிறுத்தியதும் திரும்பினாலோ, இரவில் வேர்வை, சாப்பாடு இறங்காமை, சிறுநீரில் ரத்தம் என்று ஏதாவது சேர்ந்தாலோ, எந்த டாக்டரிடம் போனாலும் முதல் வாக்கியமே இதய ஓட்டையாக இருக்கட்டும். ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் கல்ச்சர் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள். ஒரு பாட்டில் போதாது, வெவ்வேறு இடத்தில் குத்தி மூன்று முறை எடுப்பதுதான் முறை. வாய் கோணினால், கை கால் திடீரென்று விழுந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், அந்த நிமிடமே பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

அப்புறம் பல். சொத்தைப் பல் வழியாகவும் கிருமி ரத்தத்தில் ஏறி இதயத்துக்குப் போகலாம். அந்தப் பையனுக்குக் கடைவாயில் இரண்டு சொத்தை. பால்பல்தானே, விழுந்துவிடும் என்று விட்டிருந்தார்கள். பல் பிடுங்குவதற்கு முன் ஆன்டிபயாடிக் எல்லா இதய ஓட்டைக்கும் தேவையில்லை. ஆபரேஷன் ஆகாமல் நீலம் பாரிக்கிற பிள்ளைகள், செயற்கை வால்வு வைத்தவர்கள், ஏற்கெனவே இந்தத் தொற்று வந்தவர்கள் போன்றோருக்குத்தான், அதுவும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு ஒரே டோஸ். உங்கள் பிள்ளை அதில் சேர்த்தியா என்று இதய டாக்டரிடம் கேட்டு, எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டோடு பல் டாக்டரிடம் போங்கள். ரிப்போர்ட் பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் இருந்து யாருக்கு என்ன லாபம்?