ஊடுருவல் அல்ல, இடைச்செருகல்

அக்கா மகள் பாளையங்கோட்டையில் முதுகலை வேதியியல் படிக்கிறாள். துத்தநாக ஹைட்ராக்சைடு நைட்ரேட் என்ற அடுக்குப் பொருளைப் பற்றிக் கருத்தரங்குக்குத் தமிழில் எழுதிய கட்டுரையைக் காட்டினாள். இரண்டாம் பக்கத்திலேயே ‘அயனி ஊடுருவல்’ என்று இருந்தது. இன்டர்கலேஷன் என்ற ஆங்கிலக் கலைச்சொல்லுக்குத் தமிழாக இந்தச் சொல்லைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டேன். தப்பு என்றேன். “எல்லாரும் அப்படித்தான மாமா எழுதுதாவ” என்றாள்.

இன்டர்கலேஷன் லத்தீனிலிருந்து வந்தது. ‘இன்டர்’ என்றால் இடையில், ‘கலாரே’ என்றால் கூவி அறிவித்தல். பழைய ரோமில் ஆண்டுக் கணக்கு பருவத்தோடு ஒட்டாதபோது குருமார் ஒரு மாதத்தை இடையில் சேர்த்து அறிவிப்பார்கள். சாந்திரமானப் பஞ்சாங்கத்தின் அதிக மாதம் மாதிரிதான். வேதியியலில் அது, ஏடு ஏடாக அமைந்த பொருளின் இடைவெளியில் அயனியோ மூலக்கூறோ போய் அமர்வதைக் குறிக்கிறது.

அவள் எடுத்துக்கொண்ட பொருளையே பார்ப்போம். துத்தநாக நைட்ரேட் கரைசலில் சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டால் வெள்ளையாக வீழ்படிவு இறங்கும். காரம் அளவு மீறினால் துத்தநாக ஆக்சைடாகிவிடும். கழுவி, மிதமான சூட்டில் உலர்த்த வேண்டும். கிடைக்கும் பொருளில் 5 துத்தநாகத்துக்கு 8 ஹைட்ராக்சைடு, 2 நைட்ரேட், 2 நீர். ஒவ்வொரு ஏட்டிலும் துத்தநாகம் உட்காரும் எண்முக இடங்களில், அதாவது சுற்றிலும் ஆறு ஹைட்ராக்சைடு சூழ்ந்த இடங்களில், நாலில் ஒன்று காலி. அந்தக் காலியிடத்துக்கு மேலும் கீழும் நான்முகத் துத்தநாகம், அதாவது நாலு பேர் மட்டும் சூழ்ந்த துத்தநாகம், ஒவ்வொன்று. அதன் வெளிமுனையில் நீர் ஒட்டியிருக்கிறது. நைட்ரேட்டோ ஏட்டோடு நேரடியாகப் பிணையாமல் இடைவெளியில் கிடக்கிறது. ஓர் ஏட்டிலிருந்து அடுத்த ஏட்டுக்குச் சுமார் 0.97 நானோமீட்டர். நைட்ரேட்டுக்குப் பதிலாகச் சோப்பில் இருப்பது போன்ற நீண்ட வால் கொண்ட எதிர்மின் அயனி வந்து அமர்ந்தால் அந்த இடைவெளி இரண்டு மடங்குக்கு மேல் விரியும்.

இதில் எது எதைத் துளைத்தது? ஊடுருவுதல் என்றால் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் புறப்படுவது. மார்பை ஊடுருவிய அம்பு என்கிறோம். மண்ணில் நீர் இறங்குவதற்கு அந்தச் சொல் சரி, எக்ஸ் கதிருக்கும் சரி. மொழிபெயர்ப்பாளர்களுக்கு மட்டும் துளைப்பது, கசிவது, பரவுவது, இடையில் அமர்வது எல்லாமே ஊடுருவல்தான். நாலு வினைக்கு ஒரே சொல்லைப் போட்டால் படிக்கிற பிள்ளைக்கு எது எதுவென்று எப்படித் தெரியும்? அகராதியைப் புரட்டினால் போதுமா, பொருள் எப்படி இருக்கிறது என்று ஒரு தடவை பார்க்க வேண்டாமா?

வீட்டில் தாத்தாவின் ஓலைச்சுவடி ஒன்று இருக்கிறது. எடுத்து வந்து அவள் முன் வைத்தேன். துளை வழியே எல்லா ஏட்டையும் கோத்துக்கொண்டு போகிறதே கயிறு, அது ஊடுருவல். கயிற்றைத் தளர்த்தி இரண்டு ஏட்டுக்கு நடுவே ஒரு நறுக்கோலையை வைத்தேன். சுவடி கொஞ்சம் தடித்தது. ஓர் ஏடும் கிழியவில்லை, வரிசையும் மாறவில்லை. இது செருகல்.

இடைச்செருகல் என்றால் பழைய நூலில் பிறர் நுழைத்த போலிப் பாட்டு என்று தமிழாசிரியர்கள் முகம் சுளிப்பார்கள். அந்தப் பழி அங்கேயே இருக்கட்டும். கொண்டையில் பூவைச் செருகுகிறோம், ஒழுகும் கூரையில் புது ஓலையைச் செருகுகிறோம். அதிலெல்லாம் என்ன போலி? இருக்கிற அடுக்கைக் கலைக்காமல் நடுவில் ஒன்றை வைப்பது என்ற பொருள் இந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

“சரி மாமா, உள்ளே போனது திரும்ப வெளியே வந்தா என்ன சொல்ல?” என்றாள். கத்தியை உறையில் செருகுகிறோம், எடுக்கும்போது உருவுகிறோம். உருவுதல் என்றால் துளைப்பது மட்டுமல்ல, வெளியே இழுப்பதும்தான். அதைக் கொண்டுபோய் உள்ளே அமர்வதற்கு வைத்திருக்கிறார்கள். கட்டுரையில் ‘ஊடுருவல்’ வந்த இடமெல்லாம் அடித்து ‘இடைச்செருகல்’ என்று எழுதினாள். அயனி வெளியேறும் பத்திக்கு ‘இடையுருவல்’ என்று அவளே தலைப்பு வைத்துக்கொண்டாள்.