கணக்கான கோணல்

கையால் எழுதியதுபோல் இருக்க வேண்டிய எழுத்துரு பெரும்பாலும் இரண்டாவது வரியிலேயே மாட்டிக்கொள்ளும். ஒரே 'க' நான்கு இடத்தில் அதே சாய்வோடு, அதே நெளிவோடு நின்றால் கண் பிடித்துவிடும். தமிழில் இது கூடுதல் தொல்லை. பட்டம், அப்பா, பக்கம் என்று ஒரே எழுத்து புள்ளியோடும் புள்ளியில்லாமலும் ஒட்டி நிற்கும் சொற்கள்தான் எங்கும்.

அதனால் ஒவ்வொரு மெய்க்கும் இரண்டு மூன்று மாற்று வடிவங்கள் வரைந்து, ஓப்பன்டைப் என்ற எழுத்துருக் கோப்புக்குள், பக்கத்து எழுத்தைப் பார்த்து வடிவத்தை மாற்றும் 'கால்ட்' என்ற சூழல் விதியை எழுதிவைப்பார்கள்: முன்னால் முதல் வடிவம் வந்திருந்தால் அடுத்து இரண்டாவதைப் போடு. எழுத்தை வரையும் சதுரத்தின் உயரத்தை 1000 அலகாகக் கொண்டால், எழுத்துகள் நிற்கும் அடிக்கோட்டிலிருந்து 10, 15 அலகு ஏற்ற இறக்கமும் ஓரிரு பாகை சாய்வும் போதும். அதற்கு மேல் போனால் குறும்பு போய்த் தள்ளாட்டம் வந்துவிடும். புள்ளிக்கு மட்டும் கொஞ்சம் தாராளம் காட்டலாம். கையெழுத்தில் அதுதான் கண்ட இடத்தில் விழும்.

கோட்டின் உருண்டை முனைக்கும் கணக்கு உண்டு. கோட்டின் தடிமன் 80 அலகு என்றால் முனை 40 அலகு ஆரமுள்ள அரைவட்டம். எழுத்துருவை வரையப் பயன்படும் பெசியர் என்ற கணித வளைவால் வட்டத்தைத் துல்லியமாக வரைய முடியாது. கால்வட்டத்துக்கு, வளைவை இழுத்து வளைக்கும் கைப்பிடியின் நீளம் ஆரத்தில் 0.552 பங்கு, அதாவது சுமார் 22 அலகு இருந்தால் கண்ணுக்கு வட்டம்தான். கூடினால் முனை சதுரித்துப் போகும், குறைந்தால் கூம்பும். உருண்ட முனை தட்டை முனையைவிடக் குட்டையாகத் தெரியும் என்பதால் கோட்டை 10 அலகு போல நீட்டியும் விடவேண்டும்.

சோதனை எழுத்து மூன்று சுழி ண. சுழிக்குள் கோட்டின் தடிமன் அளவாவது வெள்ளை இல்லாவிட்டால், சின்ன அளவில் மை அடைத்து, ரெண்டு சுழி ன-வோடு குழம்பும். அடுத்தது ர. கையெழுத்தில் பலர் அதைக் கால் போலவே விட்டுவிடுவார்கள். எழுத்துருவில் அந்தச் சலுகை கிடையாது, கீழே சாய்ந்த வால் தெளிவாக வேண்டும்.

தாரிக் அஸீஸ் வடிவமைத்த 'கவிவாணர்' என்ற எழுத்துரு சாய்ந்த கையெழுத்து வகை. 'பலூ தம்பி 2' குண்டான, உருண்ட வகை. இரண்டும் கூகுள் ஃபாண்ட்ஸ் தளத்தில் இலவசம். தலைப்பு, ஸ்டிக்கர், தின்பண்டப் பொட்டலம், குழந்தைப் புத்தகம் ஆகியவற்றுக்குப் பொருந்தும். மருந்து அளவுக்கோ படிவத்துக்கோ வேண்டாம். குழந்தைப் புத்தகத்தில் எழுத்தளவு 16 பாயின்டுக்குக் குறையாமலும், கொக்கிகள் மேலும் கீழும் நீள்வதால் வரி இடைவெளி ஒன்றரை மடங்காகவும் வையுங்கள்.

இடம் பற்றவில்லை என்று எழுத்தைப் பக்கவாட்டில் அமுக்குவது வழக்கமான பிழை. முனை வட்டம் முட்டையாகும், நிற்கும் கோடுகள் மட்டும் மெலியும். அளவைக் குறையுங்கள். தடிமன் போதாவிட்டால் வெளிக்கோடு சேர்க்காதீர்கள், சுழி அடைபடும். பலூ தம்பி 2-இல் ஐந்து தடிமன்கள் இருக்கின்றன. பழைய போட்டோஷாப் பதிப்புகளில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால் எழுத்துருவைத் திட்டவேண்டாம். யூனிகோட் கொம்பை மெய்க்குப் பிறகுதான் சேமிக்கிறது. 'வேர்ல்ட்-ரெடி லேஅவுட்' தேர்ந்தெடுத்தால் இடம் மாறிக்கொள்ளும்.