ஓடுவதற்காக வெட்டப்படாத கால்வாய்

சென்னை சேப்பாக்கத்தில் லாக் நகர் என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது. கோட்டூர்புரத்தில் லாக் தெரு இருக்கிறது. முன்னது கூவத்தின் பக்கம், பின்னது அடையாற்றின் பக்கம். இரண்டு ஆறுகளையும் இணைத்து ஏழெட்டு கிலோமீட்டருக்குப் பக்கிங்காம் கால்வாயின் ஒரு துண்டை வெட்டினார்கள். அதன் இரு முனைகளிலும் கதவு போட்டார்கள். அந்தக் கதவமைப்புக்குத்தான் லாக் என்று பெயர். கதவுகளின் வேலை முடிந்து பல காலம் ஆகிவிட்டது. பெயர் மட்டும் தபால் முகவரியில் தங்கிவிட்டது.

கால்வாய்க்கு எதற்குக் கதவு? பக்கிங்காம் கால்வாயைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான் என்று எனக்குத் தோன்றும். கால்வாய் என்றதும் ஓடுகிற தண்ணீர்தான் நம் நினைவுக்கு வருகிறது. இந்தக் கால்வாயோ தண்ணீர் ஓடாமல் நிற்பதற்காக வெட்டப்பட்டது. இது பாசனக் கால்வாய் அல்ல, படகுக்கான சாலை.

இது 1806 வாக்கில் பேசில் காக்ரேன் என்ற வணிகர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை 11 மைல் நீளத்துக்குத் தொடங்கிவைத்தது. அரசு 1837 இல் அதை எடுத்துக்கொண்டு வடக்கே நீட்டியது. பிறகு தெற்கேயும் நீண்டு, ஆந்திரத்தின் பெத்தகஞ்சாம் தொடங்கி மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர் ஆயிற்று. இவ்வளவு தூரத்தையும் மண்வெட்டியால் புதிதாகத் தோண்டவில்லை. கிழக்குக் கரையில் கடலுக்கு இணையாக மணல்மேடுகள் வரிசை வரிசையாக ஓடுகின்றன. இடையிடையே பள்ளங்களும் பழவேற்காடு, எண்ணூர், கோவளம் போன்ற உப்பங்கழிகளும் கிடக்கின்றன. இவற்றை ஊசியில் நூல் கோப்பதுபோலக் கோத்ததுதான் இந்தக் கால்வாய். நிலம் ஏறத்தாழ முழுவதும் கடல் மட்டம். சரிவு என்று சொல்ல ஒன்றும் இல்லை. படகுக்கு அது வசதி.

எப்படிப்பட்ட வசதி என்பதற்கு இயற்பியல் பதில் சொல்லும். மணலில் நிற்கும் மாட்டுவண்டியை அசைக்கவே ஒரு குறைந்தபட்ச பலம் வேண்டும். அதற்குக் கீழே எவ்வளவு தள்ளினாலும் சக்கரம் நகராது. தண்ணீரில் அந்தத் தொல்லை இல்லை. படகின் வேகம் குறையக் குறைய நீரின் எதிர்ப்பும் குறைந்து, வேகம் பூஜ்யத்தை நெருங்கும்போது எதிர்ப்பும் பூஜ்யத்தை நெருங்குகிறது. வேகத்தை இரட்டிப்பாக்கினால் எதிர்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும் என்பது மறுபக்கம். ஆகவே அவசரப்படாதவனுக்குத் தண்ணீர் போல மலிவான பாதை கிடையாது. இரண்டு பேர் கரையில் கயிற்றைத் தோளில் போட்டு நடந்தால், பல வண்டிச் சுமையை ஏற்றிய தோணி பின்னாலேயே வரும். விறகும் உப்பும் கிளிஞ்சலும் நெல்லும் பட்டணத்துக்கு வந்தது அப்படித்தான். மயிலாப்பூரின் தண்ணீர்த்துறை மார்க்கெட்டில் இன்று தண்ணீரும் இல்லை, துறையும் இல்லை. காய்கறி மட்டும் இருக்கிறது. வடக்கே ரயில்வே சரக்கு நிலையத்துக்கு வாய்த்த ‘சால்ட் கோட்டார்ஸ்’ என்ற விசித்திரப் பெயரில் ஒளிந்திருப்பது நம்முடைய கொட்டாரம்தான். உப்பு வந்து குவிந்த இடம்.

சரி, கதவு. கால்வாய் போகிற வழியில் கொசஸ்தலையாறு, கூவம், அடையாறு, பாலாறு என்று ஆறுகள் குறுக்கிடுகின்றன. ஆறு கடலோடு சேர்ந்தது. சென்னைக் கடல் நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும். ஓதம் என்பது இதுதான். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் அந்த வித்தியாசம் சுமார் ஒரு மீட்டர். ஆழமே ஒன்றிரண்டு மீட்டராக இருக்கும் கால்வாயில் ஒரு மீட்டர் வடிந்தால் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும். ஐப்பசி மழையில் ஆறு பெருக்கெடுத்தால் தொல்லை நேரெதிர்: வெள்ளமும் வண்டலும் கால்வாய்க்குள் பாயும். உள்ளிருக்கும் நீர் வெளியே போகவும் கூடாது, வெளியிருக்கும் நீர் உள்ளே வரவும் கூடாது. படகு மட்டும் போய்வர வேண்டும்.

இதற்கான விடை, படகு நிற்கும் அளவுக்கு ஒரு தொட்டி, அதன் இரு முனையிலும் இரட்டைக் கதவு. இந்தக் கதவுகள் வீட்டுக் கதவைப்போல நேர்க்கோட்டில் மூடுவதில்லை. இரண்டு பலகையும் சேர்ந்த அகலம் வாயின் அகலத்தைவிடச் சற்று அதிகம். அதனால் மூடும்போது நடுவில் கூம்பி, உயரமான நீரை நோக்கி மூக்கை நீட்டி நிற்கும். நீர் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவு இறுக்கமாக இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். தாழ்ப்பாள் தேவையில்லை. வாய் ஐந்து மீட்டர் அகலம், ஒரு பக்கம் இரண்டு மீட்டர் நீர், மறுபக்கம் ஒரு மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கதவின் மேல் விழும் சுமை ஏறத்தாழ ஏழரை டன். யானை வந்து முட்டினாலும் திறக்காது. ஆனால் சிறு மதகு ஒன்றைத் தூக்கி, தொட்டியின் நீரை மறுபக்கத்தோடு சமமாகும்வரை விட்டால் அந்த ஏழரை டன்னும் காணாமல் போகும். பிறகு ஒரே ஆள் தள்ளித் திறக்கலாம். பம்பு இல்லை, இயந்திரம் இல்லை. ஆற்றுமட்டம் சில நேரம் கால்வாயைவிட மேலேயும் சில நேரம் கீழேயும் இருக்குமாதலால், கடலோர லாக்குகளில் இரு திசைக்கும் மூக்கு நீட்டும் கதவு ஜோடிகள் வேண்டியிருக்கும்.

கூவத்தையும் அடையாற்றையும் இணைத்த அந்தத் துண்டு 1877-78 இல் வெட்டப்பட்டது. தாது வருடப் பஞ்சத்தின் நிவாரண வேலை அது. அப்போதைய கவர்னர் பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய்க்கு வந்தது. வெட்டியவர்களின் பெயர் எதற்கும் வரவில்லை. 1877 தொடக்கத்தில் நிவாரண வேலைகளுக்கு நிர்ணயித்த கூலி, ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும். அணாவைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், 450 கிராம் தானியம் தருவது சுமார் 1,600 கலோரி. நாள் முழுக்க மண் சுமக்கும் உடம்புக்கு ஏறத்தாழ அதன் இரு மடங்கு வேண்டும். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ் இதை அப்போதே எதிர்த்தார்.

ரயிலும் லாரியும் வந்தபின் படகு குறைந்தது. 1960களின் புயல்கள் மிச்சத்தை முடித்துவைத்தன. நகரத்துக்குள் கால்வாய் கழிவுநீர்ப் பாதையாக மாறியது. சேப்பாக்கத்திலிருந்து திருவான்மியூர் வரை பறக்கும் ரயில் பெரும்பாலும் இதன் மேலும் ஓரத்திலுமாகவே போகிறது; முதல் பகுதி 1995 இல் ஓடத் தொடங்கியது. பல இடங்களில் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே நிற்கின்றன. நிலம் கையகப்படுத்தும் தலைவலி இல்லை என்பது காரணம். பல இடங்களில் அகலம் பத்து மீட்டருக்கும் கீழே சுருங்கியிருக்கிறது.

திருமயிலை நிலையத்து மேடையிலிருந்து எட்டிப் பார்த்தால் தெரியும் கறுப்பு, வெறும் அழுக்கின் நிறமல்ல. கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள ஆக்சிஜனை முதலில் தீர்த்துவிடுகின்றன. அது தீர்ந்ததும் வேறொரு கூட்டம் சல்பேட்டைக் கொண்டு மூச்சு விடத் தொடங்குகிறது. கடல்நீரில் ஒரு லிட்டருக்கு இரண்டரை கிராமுக்கு மேல் சல்பேட் இருக்கிறது. ஓதம் ஏறும் கழிமுகத்தோடு சேர்ந்த கால்வாய்க்கு அதற்குப் பஞ்சமில்லை. விளைவு, அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு. சேற்றிலுள்ள இரும்போடு அது சேரும்போது கருமை. அதே வாயு காற்றில் ஏறி வெள்ளிக் கொலுசையும் கறுக்க வைக்கும்.

நகரத்தின் தெற்கே வேறு கதை. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் மழைநீர் ஒக்கியம் மடுவு என்ற நீர்வழி வழியாக இந்தக் கால்வாயில் இறங்கி, ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தெற்கே போய் முட்டுக்காட்டில் கடலை அடைய வேண்டும். மடுவில் நீர் கடலைவிட ஒரு மீட்டர் உயரம் நின்றாலும் சரிவு கிலோமீட்டருக்கு ஏழு சென்டிமீட்டர்தான். ஆகாயத்தாமரையும் குப்பையும் அந்த ஏழு சென்டிமீட்டரைச் சுலபமாகத் தின்றுவிடும். ஓதம் ஏறினால் அதுவும் இல்லை. நீர் போகாமல் நிற்கும், சில இடங்களில் திரும்பியும் வரும். ஒரு காலத்தில் படகை மிதக்கவைத்த அதே தட்டையான தரைதான் இப்போது வீட்டுக்குள் முழங்கால் தண்ணீரை நிறுத்திவைக்கிறது. ஓட வேண்டாம் என்று வெட்டியதை ஓடு என்று அதட்டிக்கொண்டிருக்கிறோம்.

முகத்துவாரமும் ஒத்துழைப்பதில்லை. அலைகள் சாய்ந்து வந்து மோதுவதால் கரையோர மணல் ஆண்டின் பெரும்பகுதி வடக்கு நோக்கி நகர்கிறது. அதைத் துறைமுகச் சுவர் தடுத்ததால்தான் மெரினா இவ்வளவு அகலமானது. தடுப்புக்கு வடக்கே கடல் கரையை அரித்தது. ஆற்றில் நீர் குறையும் மாதங்களில் இந்த மணல் வாய்க்குக் குறுக்கே வந்து திட்டாகப் படியும். ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்கு முன்பும் முட்டுக்காட்டில் பொக்லைன் இறங்கி அந்தத் திட்டை வெட்டித் திறக்கிறது. மழை வெள்ளம் அதை இன்னும் அகலமாக்கிக்கொண்டு போகும். தை பிறந்து வெள்ளம் வடிந்தபின், அலை மறுபடியும் பிடி பிடியாக மணலைக் கொண்டுவந்து போடத் தொடங்கும்.