வழக்குரை காதையை வகுப்பறையில் நடிக்க விடுங்கள்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் காலை வழிபாட்டில் பாடப்படும் ‘நீராருங் கடலுடுத்த’ ஒரு நாடக நூலின் பாயிரத்தில் உள்ள வாழ்த்துப் பாடல். பெ. சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட மனோன்மணீயம்தான் அந்த நாடகம். பாடல் எல்லாருக்கும் மனப்பாடம். ஆனால் அதில் குடிலன் என்றோர் அமைச்சன் இருக்கிறான், அரசன் சீவகனைப் புகழ்ந்து பேசியே கவிழ்க்கப் பார்க்கிறான் என்பது பள்ளிப் படிப்பை முடித்த பலருக்குத் தெரியாது. நாடகத்தைச் சொற்பொருள் எழுதிப் போடும் செய்யுளாகவும், கதைப்பாடலைப் பத்து வரிச் சுருக்கமாகவும் நாம் நடத்திவிட்டுப் போவதன் விளைவு இது. உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியை என்ற முறையில் சக ஆசிரியர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: பொருள் சொல்லி முடித்துவிட்டு நடிக்க வைக்காதீர்கள். முதலில் நடிக்கட்டும், பொருளை அவர்களே கேட்டு வருவார்கள்.

தொடங்குவதற்குச் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையைவிட வாய்ப்பான பகுதி எனக்குத் தெரியவில்லை. நாடகக் காப்பியம் என்று அதை ஏன் சொல்கிறோம் என்பது இந்தக் காதையை வாய்விட்டுப் பேசினால் விளங்கிவிடும். மேடை வேண்டாம், ஒப்பனை வேண்டாம். ஆசிரியர் நாற்காலி அரியணை, வகுப்பறை வாசல் அரண்மனை வாயில், இரண்டு சாக்பீஸ் பெட்டிகள் சிலம்புகள். அவ்வளவு போதும்.

பாண்டியனாக வரும் மாணவர்கள் பெரும்பாலும் கத்துவார்கள். அரசன் என்றால் உறும வேண்டும் என்று சினிமா பழக்கியிருக்கிறது. ‘கள்வனைக் கோறல் கடுங்கோல் அன்று’ என்ற வரிவரை அந்த உறுமல் தாங்கும். பிறகு கண்ணகி, ‘என்காற் பொற்சிலம்பு மணியுடை அரியே’, என் சிலம்பின் பரல் மாணிக்கம், என்கிறாள். அதற்கு அரசன் சொல்லும் விடை: ‘தேமொழி உரைத்தது செவ்வை நன்மொழி, யாமுடைச் சிலம்பு முத்துடை அரியே.’ இந்த வரியை உறுமிச் சொல்லிப் பாருங்கள், நாக்கு ஒத்துழைக்காது. நீ சொன்னது நல்ல சொல், எங்கள் சிலம்பில் இருப்பது முத்து என்று எதிராளியின் வாதத்தைச் சபையில் ஏற்றுக்கொண்டு பேசுகிறான் அவன். சிலம்பைக் கொண்டுவரச் சொல்பவனும் அவனே. நடிக்கிற மாணவன் அந்த இடத்தில் தானாகவே குரலைத் தாழ்த்துகிறான். உடனே பின்வரிசையிலிருந்து கேள்வி வருகிறது: “அப்படியென்றால் இவர் கெட்டவர் இல்லையா, டீச்சர்?” ஆராயாமல் கொலைக்கு ஆணையிட்டவன், சான்று கேட்டவுடன் அதற்குக் கட்டுப்படுகிறவன் இரண்டும் ஒரே ஆள்தான் என்பதை நான் கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தால் ஒரு குறிப்பாகவே நின்றுபோயிருக்கும். ‘யானோ அரசன் யானே கள்வன்’ என்ற வரி வரும்போது வகுப்பு அதற்கு ஆயத்தமாகவே இருக்கிறது.

கோப்பெருந்தேவியாக அமரும் மாணவியைக் கவனியுங்கள். காதையின் தொடக்கத்தில் தன் கெட்ட கனவைத் தோழியிடம் சொல்கிறாள். வழக்கு நடக்கும்போதோ அவளுக்கு ஒரு வரிகூட இல்லை. தன் சிலம்பைப் பற்றித்தான் வழக்கே, ஆனாலும் அவள் பேசுவதில்லை. “நான் என்ன செய்ய?” என்று அந்தப் பிள்ளை கேட்பாள். நீயே முடிவு செய் என்று விடுங்கள். ஒருத்தி தன் காலைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். இன்னொருத்தி கண்ணகியை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டாள். எந்த உரையாசிரியரும் தராத விளக்கம் அது.

கதைப்பாடலுக்கு வில்லுப்பாட்டு வடிவமே கைகொடுக்கிறது. வீசுகோலுக்கு இரண்டு ஸ்கேல், குடத்துக்கு மேசை. தலைமைப் பாடகர் ஒரு வரியைப் பாட, பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கிப் பாடுகிறார்கள், “ஆமாம்” போடுகிறார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைகளைப் பின்பாட்டில் உட்கார வையுங்கள். காதால் கேட்டுத் திருப்பிச் சொல்வதில் அவர்கள் யாருக்கும் சளைத்தவர்கள் அல்லர். பாடிப் பழகிய வரியைப் பிறகு அச்சில் பார்க்கும்போது அச்சமின்றிப் படிக்கிறார்கள்.

முத்துப்பட்டன் கதையை எடுத்தால் கூடுதல் கவனம் வேண்டும். பிராமணனான பட்டன் சக்கிலியர் குலத்துப் பொம்மக்கா, திம்மக்காவை மணந்து, செருப்புத் தைக்கக் கற்று, மாடுகளைக் காக்கும் சண்டையில் உயிர்விடுகிறான். நெல்லைச் சீமையின் இந்தக் கதையை வகுப்பில் பேசியே ஆக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் எந்தப் பிள்ளைக்கு எந்த வேடம் என்பதில் சாதி நுழைந்துவிடக் கூடாது. சீட்டுக் குலுக்கிப் போடுங்கள், காட்சிக்குக் காட்சி ஆளை மாற்றுங்கள். வேடத்தின் பெயரை வகுப்புக்கு வெளியே பட்டப்பெயராக்கிக் கூப்பிடக் கூடாது என்பதை முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும்.

நல்லதங்காள் கதை இன்னும் நுட்பமானது. பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீடு தேடி வந்தவளுக்கு அண்ணி மூளியலங்காரி கதவடைக்கும் காட்சியோடு நடிப்பை நிறுத்திக்கொள்ளுங்கள். அவள் பிள்ளைகளோடு உயிர்விடும் கிணற்றுக் காட்சியை நடித்துக் காட்டவே கூடாது. வளரிளம் பருவத்தில் அது வெறும் கதையாக முடிவதில்லை. கதவடைத்த பிறகு ஊரில் யார் யார் உதவியிருக்கலாம் என்று பிள்ளைகளையே வேடமேற்றுப் பேசச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுப் பெண், தண்ணீர் எடுக்க வந்தவள், ஊர்ப் பெரியவர் என்று புதுப் பாத்திரங்கள் வந்துகொண்டே இருக்கும். வீட்டில் அண்மையில் மரணம் நேர்ந்த பிள்ளைக்கு இந்தக் கதையில் வேடம் தராதீர்கள். யாராவது ஒதுங்கி உட்கார்ந்தால் அன்றே தனியாகப் பேசுங்கள். நம்மால் முடியாத இடத்தில் மனநல உதவி எண் 14416 இருக்கிறது, பிள்ளைகளுக்கான 1098 இருக்கிறது.

நடித்து முடித்ததும் வேடத்தைக் களைவதற்கு இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். நடித்தவர்கள் எழுந்து தங்கள் சொந்தப் பெயரைச் சொல்லிவிட்டு இடத்துக்குப் போகட்டும். மூளியலங்காரியாக நடித்தவள் இடைவேளையில் திட்டு வாங்காமல் இருக்க இது மிகவும் உதவும்.

ஆண்டு விழா நாடகம் வேறு. அதில் நன்றாகப் பேசும் ஐந்து பிள்ளைகள் நடிப்பார்கள், மற்றவர்கள் கைதட்டுவார்கள். நான் சொல்வது பாடவேளைக்குள், எல்லாரும் பங்கேற்க, பார்வையாளர் இல்லாமல் நடப்பது. பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை என்கிறார்கள். வழக்குரை காதைக்கு எனக்கு இரண்டு பாடவேளை ஆகிறது. சொற்பொருள் எழுதிப் போட்டு நடத்தினாலும் அவ்வளவுதான் ஆகும். ‘இடம் சுட்டிப் பொருள் விளக்குக’ என்று தேர்வில் கேட்டால், அந்த வரியை யார், யாரிடம், எந்த நிலையில் சொன்னார் என்பதை நடித்த பிள்ளைகள் புரட்டிப் பார்க்காமலே எழுதுகிறார்கள்.