மின்சார பஸ் வந்தாயிற்று, தடத்தையும் கவனிப்போம்

2025 ஜூனில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து சென்னையின் தாழ்தள மின்சார பஸ்கள் ஓடத் தொடங்கின. மனதார வரவேற்கிறேன். பஸ் தடங்களைத் திட்டமிடும் வேலையில் இருப்பதால், எல்லோரும் என்னிடம் பேட்டரியைப் பற்றியே கேட்கிறார்கள். வண்டி எந்த வழியில் எப்படிப் போகிறது என்பதிலும் ஆற்றல் நிறையச் செலவாகிறது.

பயணிகளோடு 16 டன் எடையுள்ள பஸ் நின்ற இடத்திலிருந்து 40 கி.மீ. வேகத்தை எட்ட சுமார் 10 லட்சம் ஜூல் வேண்டும். டீசல் வண்டியில், எஞ்சின் வெப்பமாக இழப்பதையும் சேர்த்தால், இதற்கே ஏறக்குறைய 80 மில்லி எரிந்துவிடும். பிரேக் போட்டதும் அவ்வளவும் வீண். மின்சார பஸ் அதில் ஒரு பகுதியைத்தான் பேட்டரிக்குத் திருப்பும். ஸ்டாப்பில் நின்றால் நாலு பேர் ஏறுவார்கள். ஓரத்தில் நிறுத்திய காருக்கும் மாறாத சிக்னலுக்கும் நின்று கிளம்புவதால் யாருக்கு என்ன லாபம்? நெரிசலான சாலைகளில் பஸ்ஸுக்குத் தனிப்பாதை கேட்பது இதனால்தான்.

டிப்போவிலிருந்து முதல் டிரிப் தொடங்கும் இடம்வரை காலியாக ஓடும் தூரமும் உண்டு. தடத்தை வரையும்போதே டிப்போவையும் முடிவு செய்தால் இது குறையும்.

சரி, கூட்டமில்லாத டிரிப்பை வெட்டிவிடலாமா? லிட்டருக்கு 4 கி.மீ. ஓடும் பஸ்ஸில் 40 பேர் இருந்தால், ஒரு லிட்டரில் 160 பயணி-கிலோமீட்டர் (ஆள் எண்ணிக்கையைத் தூரத்தால் பெருக்கிய கணக்கு). 8 பேர்தான் என்றால் 32. தனியாளாகப் போகும் பைக்கே அதைவிடச் சிக்கனம். இந்தக் கணக்கைக் காட்டி வெட்டச் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்வதில்லை. 10 நிமிடத்துக்கு ஒன்று வந்த பஸ் 25 நிமிடத்துக்கு ஒன்றானால் முடிந்தவர்கள் பைக் வாங்கிவிடுவார்கள். அப்புறம் திரும்பி வருவது அபூர்வம். மீதி டிரிப்பும் காலியாகும். பைக் வாங்க வழியில்லாதவர்கள் இருட்டில் நிற்பார்கள்.

காலனி காலனியாக நுழைந்து வரும் நீளமான தடத்தை நேராக்கி, பிரதான சாலையில் அடிக்கடி விடுவதே மேல். உள்ளே இருப்பவர்களை மெட்ரோவுக்கும் பிரதான சாலைக்கும் கொண்டுவரச் சிற்றுந்து. சென்னையில் 2013-லேயே சிற்றுந்துகள் வந்துவிட்டன.

உங்கள் பகுதியில் தடம் மாறப்போகிறதென்றால் அதிகாரிகளிடம் கேளுங்கள்: சிற்றுந்து எத்தனை நிமிடத்துக்கு ஒன்று? இரவு கடைசி வண்டி எப்போது? இறங்கி அடுத்த பஸ் ஏறச் சாலையைக் கடக்க வேண்டுமா?