சீரிஸ் போர்டில் ஒரு குண்டு பல்பு

வீட்டில் கிடந்த பழைய ஆம்ப்ளிஃபையரைத் தூக்கிக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போனேன். ஸ்விட்ச் போட்டாலே ஃபியூஸ் போய்விடும். மெக்கானிக் புது ஃபியூஸ் மாட்டினார். ஆனால் நேராக பிளக்கில் செருகவில்லை. 100 வாட் குண்டு பல்பு மாட்டிய ஒரு மரப்பலகையில் செருகினார். பல்பு பளிச்சென்று எரிந்தது, ஃபியூஸ் போகவில்லை. மூடியைக் கழற்றும் முன்பே, "ஷார்ட் சார்" என்றார்.

அந்தப் பலகைதான் சீரிஸ் போர்டு. வீட்டு விளக்குகள் இணையாக இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் 230 வோல்ட் தனித்தனியாகக் கிடைக்கிறது. இங்கே பல்பைத் தாண்டித்தான் மின்சாரம் ஆம்ப்ளிஃபையருக்குப் போக முடியும். ஒரே பாதை, ஒரே மின்னோட்டம். 230 வோல்ட்டையும் இரண்டும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். மின்தடை அதிகமுள்ளதற்கே பெரிய பங்கு. (60 வாட், 100 வாட் பல்புகளை இப்படித் தொடராக இணைத்தால் 60 வாட்தான் அதிகம் எரியும். நம்பாதவர்கள் உண்டு.)

ஷார்ட் ஆன சாதனத்தில் மின்தடை மிகக் குறைவு. ஆகவே ஏறக்குறைய முழு வோல்ட்டும் பல்பின் தலையில். டங்ஸ்டன் இழை சுமார் 2,500 டிகிரி செல்சியஸ் வரை சூடேறி ஒளிர்கிறது. அப்போது அதன் மின்தடை 529 ஓம், 0.43 ஆம்பியருக்கு மேல் ஓட வழியில்லை.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். எப்போதுமே 529 ஓம் என்றால் நல்ல சாதனமும் பட்டினி கிடக்குமே? கிடக்காது. உலோகம் சூடாக ஆக அணுக்கள் அதிகமாக அதிரும், எலக்ட்ரான்கள் இடறும், மின்தடை ஏறும். ஆறிய இழையில் அது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பழுதில்லாத சாதனம் சும்மா இருக்கையில் இழுக்கும் சொற்ப மின்னோட்டத்தில் இழை சூடாகாது. வோல்ட் பெரும்பாலும் சாதனத்தின் பக்கம் போய்விடும். (ஸ்விட்ச் போடும் நொடியிலேயே பல்புகள் ஃபியூஸ் ஆவதும் இதனால்தான்: ஆறிய இழைக்குள் ஒரேயடியாக மின்னோட்டம் பாய்கிறது.) எல்இடி பல்பு இந்த வேலைக்கு ஆகாது. அதற்குள் இருப்பது வேறு சர்க்யூட்.

டையோடு ஒன்று போயிருந்தது. மாற்றிவிட்டு மறுபடி செருகினார். உள்ளே மின்சாரத்தைச் சேமிக்கும் கெப்பாசிட்டர்கள் நிரம்பும்வரை பல்பு ஒருமுறை மின்னி அணைந்தது. அப்புறம் போர்டிலேயே வைத்து ஒரு நாதஸ்வரக் கச்சேரியைச் சத்தமாக ஓடவிட்டார். தவில் ஓங்கி விழும்போதெல்லாம் இழை லேசாகச் சிவந்தது.